எல்லாக் கருவியிலும் ஓடுமா? கேமராவைத் திறந்து பாருங்கள்

"ஒரு தடவை எழுதினால் போதும், எல்லாக் கருவியிலும் ஓடும்" என்று சொல்லாத வலைச் செயலி ஃப்ரேம்வொர்க் (செயலி எழுத அடித்தளமாகத் தரும் தயார் நிரல் தொகுப்பு) அநேகமாக இல்லை. 1995-இல் ஜாவா என்ற நிரல் மொழி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் இந்த வாக்கைக் கொடுத்து வருகிறது. அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். எவ்வளவு தூரம் மெய் என்று பார்க்க மட்டும் ஒரு நேர்வழி உண்டு. அந்த ஃப்ரேம்வொர்க்கில் செய்த ஒரு பக்கத்தில் கேமராவைத் திறந்து பாருங்கள். கூட்டல் கழித்தல் எங்கும் வரும். பட்டன் எங்கும் தெரியும். கேமராவில்தான் சாயம் வெளுக்கும்.

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரம் கணினி படித்த பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். வெளியூர் வேலைக்குப் போகாமல், ஊர்த் தொழிலுக்கே ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று நினைப்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களுக்கும் பெரும்பகுதி புரியும்.

ஒரு செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். பாம்பனில் படகு கரை சேர்ந்ததும் சரக்கை எடுத்து மதுரைக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர். மதுரையில் வாங்குபவர்களுக்கு, வண்டி கிளம்பும் முன்னால் மீனை ஒரு பார்வை பார்க்க வேண்டும். சீலா என்ன பருமன், செவுள் சிவப்பாக இருக்கிறதா, நண்டு உயிரோடு இருக்கிறதா. வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே காட்டலாமே என்று கேட்பீர்கள். ஒருவருக்கு ஒருவர் என்றால் காட்டலாம், காட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். வாங்குபவர்கள் பத்துப் பேர், அன்றைய விலை, யார் எந்தக் கூடையை எடுத்தார் என்ற கணக்கு எல்லாம் ஒரே பக்கத்தில் வேண்டும் என்னும்போதுதான் தனிச் செயலி தேவைப்படுகிறது.

இதை எந்தெந்தக் கருவியில் திறப்பார்கள்? வியாபாரி கையில் ஆண்ட்ராய்டு போன். கடையில் கணக்குப் போட ஒரு பழைய விண்டோஸ் கணினி, அதில் செருகிய யு.எஸ்.பி வெப்கேம். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு இலவச லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கலாம். அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. பங்குதாரர் கீழக்கரைக்காரர் என்றால், துபாயிலிருந்து மகன் வாங்கிவந்த ஐபோன் அவரிடம் இருக்கும். ஆக ஒரே தொழிலுக்குள் நான்கு உலகங்கள். இவற்றைத்தான் பிளாட்ஃபார்ம், தளம் என்கிறோம். கருவியின் வன்பொருள், அதன்மேல் இருக்கும் இயங்குதளம், அதன்மேல் ஓடும் பிரவுசர் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு தளம். இதில் எது மாறினாலும் தளம் மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஓடும்" என்றால் என்ன அர்த்தம்?

இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. முதல் வேலை கணக்கு. கிலோ விலையை எடையால் பெருக்குவது, பட்டியலை வரிசைப்படுத்துவது. ஜாவாஸ்கிரிப்ட் எந்தப் பிரவுசரிலும் இதைச் செய்துவிடும். இரண்டாவது தோற்றம். சிறிய திரை, பெரிய திரை, தமிழ் எழுத்துரு, விரலால் தொடுவது, மவுஸால் அழுத்துவது. இதில் தொந்தரவு உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தொந்தரவு. பார்த்தவுடன் சரிசெய்துவிடலாம்.

மூன்றாவதுதான் கருவியின் உறுப்புகளைத் தொடுவது. கேமரா, மைக், பிரிண்டர், இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். ஃப்ரேம்வொர்க்குகளின் விளம்பரம் பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றிப் பேசும். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால் ஆவணத்தின் ஏதோ ஒரு மூலையில் சின்னதாக ஒரு அட்டவணை இருக்கும். நான் முதலில் தேடிப் படிப்பது அந்த அட்டவணையைத்தான்.

கேமரா ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது? ஒரு படம் வரும் வழியைப் பார்த்தால் தெரியும். லென்ஸுக்குள் போன ஒளியை உள்ளே இருக்கும் சென்சார் எண்களாக மாற்றுகிறது. அந்த எண்கள் யு.எஸ்.பி கம்பி வழியாகக் கணினிக்கு வரவேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு வெப்கேமுக்கும் தனி டிரைவர் சி.டி வரும், அது லினக்ஸில் வேலைக்கு ஆகாது. 2003-இல் யு.எஸ்.பி வீடியோ கிளாஸ் என்ற பொது விதி வந்தது. அந்த விதிப்படி செய்த வெப்கேமைச் செருகினாலே போதும், சி.டி வேண்டாம்.

அதற்கப்புறம் இயங்குதளம். விண்டோஸில் முதலில் டைரக்ட்ஷோ, பின்னால் மீடியா ஃபவுண்டேஷன். லினக்ஸில் வீடியோ ஃபார் லினக்ஸ், அதிலும் பழையது ஒன்று, புதியது ஒன்று. மேக்கிலும் ஐபோனிலும் ஏ.வி ஃபவுண்டேஷன். ஆண்ட்ராய்டில் கேமரா2. பேசும் முறை ஒவ்வொன்றிலும் வேறு. படம் எந்த அளவில் வரும், நொடிக்கு எத்தனை வரும், நிறங்களை எந்த வரிசையில் அடுக்கியிருக்கும் என்பதெல்லாம் மாறும். "எல்லாக் கருவியிலும் கேமரா ஓடும்" என்று ஒருவர் சொன்னால், இத்தனை முறைகளுக்கும் தனித்தனியாக யாரோ உட்கார்ந்து நிரல் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தானாக நடப்பது எதுவும் இல்லை. அந்த "யாரோ" யார், அவர் இன்னும் அந்த வேலையைப் பார்க்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 640-க்கு 480 என்ற சின்னப் படத்தில் 3,07,200 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படம் 12 லட்சம் பைட்டைத் தாண்டும். நொடிக்கு 30 படம் என்றால் சுமார் 37 எம்.பி. இது சுருக்காத கணக்கு. 1280-க்கு 720 படத்தை, புள்ளிக்கு 2 பைட் என்று சிக்கனமாக வைத்தாலும், நொடிக்கு 442 மெகாபிட் வருகிறது. யு.எஸ்.பி 2.0 கம்பியின் முழு வேகமே ஏட்டளவில் 480 மெகாபிட்தான். அதனால்தான் பல வெப்கேம்கள் பெரிய படத்தை உள்ளேயே சுருக்கி அனுப்புகின்றன. அதை விரிப்பது, திரையில் காட்டுவது, திரும்ப வேறு முறையில் சுருக்கி இணையத்தில் அனுப்புவது எல்லாம் கணினியின் தலையில். பழைய லேப்டாப்பின் விசிறி வீடியோ கால் வந்ததும் இரைவது இதனால்தான்.

பிளக்இன் காலம்

இணையப் பக்கத்துக்குள் மேசைக் கணினி மென்பொருள் போன்ற வசதி வேண்டும் என்ற ஆசைக்கு 2002-இல் மேக்ரோமீடியா நிறுவனம் "ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்" என்று பெயர் வைத்தது. பிரவுசரில் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருளைப் பிளக்இன் என்பார்கள். அந்த நிறுவனத்தின் பிளக்இன்தான் ஃப்ளாஷ். அதே ஆண்டு வந்த ஃப்ளாஷ் பிளேயர் 6-இல் வெப்கேமும் மைக்கும் வந்தன. பக்கம் திறந்ததும் சின்னப் பெட்டி ஒன்று வந்து, கேமராவை அனுமதிக்கலாமா என்று கேட்கும். சரி என்றால் உங்கள் முகம் பக்கத்துக்குள் தெரியும். படம் ஃப்ளாஷின் தனி சர்வருக்குப் போய், அங்கிருந்து மற்றவர்களுக்குப் பிரியும். இளைஞர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் பிரவுசருக்குள் வீடியோ அரட்டையைச் சாதாரண ஜனங்களுக்குக் கொண்டுவந்தது ஃப்ளாஷ்தான்.

அப்போது அந்த "யாரோ" ஒரே ஒரு நிறுவனம். முதலில் மேக்ரோமீடியா, 2005-இல் அதை வாங்கிய அடோபி. வசதிதான். ஃப்ளாஷில் எழுதினால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ ஃபயர்ஃபாக்ஸோ, பக்கம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அந்த நிறுவனத்துக்கு எந்தத் தளத்தில் அக்கறையோ அங்கேதான் வேலை நடக்கும். லினக்ஸ்காரர்களுக்கு ஃப்ளாஷ் 8 வரவே இல்லை. 7-க்கு அப்புறம் நேராக 9, அதுவும் விண்டோஸுக்கு 2006 நடுவில் வந்தது லினக்ஸுக்கு 2007 தொடக்கத்தில். லினக்ஸ் தன் கேமரா முறையை வி4எல்2 என்று புதுப்பித்த பின்னும் ஃப்ளாஷ் 9 பழைய முறையையே கேட்டுக்கொண்டிருந்தது. மற்ற எந்த மென்பொருளிலும் வேலை செய்யும் வெப்கேம் ஃப்ளாஷில் மட்டும் கறுப்பாக நிற்கும். 2008-இல் ஃப்ளாஷ் 10 வந்துதான் அது தீர்ந்தது. பட்டியலைப் பார்த்தால் "லினக்ஸ் ஆதரவு உண்டு" என்று அந்த நாட்கள் முழுக்கவும் போட்டிருந்தது. ஆதரவு உண்டு என்ற வார்த்தைக்குக் கேமரா அளவில் ஒரு அர்த்தம், பட்டன் அளவில் வேறு அர்த்தம்.

மைக்ரோசாஃப்ட் 2007-இல் சில்வர்லைட் என்ற தன் பிளக்இன்னைக் கொண்டுவந்தது. வீடியோவை ஓட்டுவதில் நன்றாகவே இருந்தது. ஆனால் வெப்கேமைத் தொட 2010-இல் வந்த 4-ஆவது பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான். லினக்ஸுக்கு மூன்லைட் என்று தனிக் குழு ஒன்று அதன் நகலைச் செய்தது, சில வருஷத்தில் அது கைவிடப்பட்டது.

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஓபன்லாஸ்லோ என்ற ஃப்ரேம்வொர்க். இன்று பலருக்குப் பெயரே தெரியாது. நீங்கள் எழுதிய ஒரே நிரலை அது இரண்டு விதமாக மாற்றிக் கொடுக்கும். வேண்டுமானால் ஃப்ளாஷ் கோப்பாக, வேண்டுமானால் பிளக்இன் எதுவும் தேவைப்படாத டி.எச்.டி.எம்.எல் பக்கமாக. பட்டன், பட்டியல், அசைவு எல்லாம் இரண்டிலும் வரும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் கேமரா வைத்த செயலியை ஃப்ளாஷாக மாற்றினால் மட்டும்தான் ஓடும். டி.எச்.டி.எம்.எல் பக்கமாக மாற்றினால் கேமரா இருந்த இடம் வெறுமையாக இருக்கும். ஓபன்லாஸ்லோ எழுதியவர்கள் மேல் இதில் ஒரு குறையும் இல்லை. அன்றைய பிரவுசருக்குக் கேமரா என்று ஒன்று இருப்பதே தெரியாது. கீழே இல்லாத ஒன்றை மேலே இருக்கும் ஃப்ரேம்வொர்க் உண்டாக்கித் தர முடியாது. இன்றைய ஃப்ரேம்வொர்க்குகளுக்கும் இதே கதைதான்.

2007-இல் வந்த ஐபோன் ஃப்ளாஷை உள்ளேயே விடவில்லை. 2011 நவம்பரில் போன்களுக்கான ஃப்ளாஷை வளர்ப்பதை அடோபி நிறுத்தியது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷே முடிந்தது. 2021 அக்டோபரில் சில்வர்லைட்டுக்கான ஆதரவும் நின்றது. அந்தக் காலத்தில் ஃப்ளாஷில் செய்த அரட்டைப் பக்கங்கள், வகுப்பறைப் பக்கங்கள் எல்லாம் எழுதியவர் ஒரு வரியைக்கூட மாற்றாமலே ஓடாமல் போயின.

இப்போது பிரவுசரே கேட்கிறது

2010-இல் கூகுள், குரலையும் வீடியோவையும் இணையத்தில் அனுப்பும் நுட்பம் வைத்திருந்த ஜி.ஐ.பி.எஸ் என்ற நிறுவனத்தை வாங்கி, அடுத்த ஆண்டே அதன் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுதான் வெப்ஆர்டிசி. 2012-இல் குரோம் பிளக்இன் இல்லாமலே கேமராவைத் திறந்தது. 2013 பிப்ரவரியில் குரோமிலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கு வீடியோ கால் போனது. சஃபாரி 2017-இல்தான், தன் 11-ஆவது பதிப்பில் சேர்ந்தது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை முழுத் தரநிலையாக அறிவித்தது 2021 ஜனவரியில்.

இந்தத் தேதிகளை ஐபோன்காரர் கண்ணால் பாருங்கள். 2012 முதல் 2017 வரை "பிரவுசரிலேயே வீடியோ" என்று ஊரே பேசியது, அவர் போனில் அது கிடையாது. அப்புறமும் ஒரு சிக்கல். ஐபோனில் குரோம் என்று பெயர் போட்டிருந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரிக்கும் அடிப்படையான ஆப்பிளின் வெப்கிட் என்ற பிரவுசர் இயந்திரம்தான். சஃபாரிக்குக் கிடைத்த கேமரா, மற்ற பிரவுசர்களுக்கும் செயலிக்குள் திறக்கும் பக்கங்களுக்கும் 2020 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 14.3 வரை கிடைக்கவில்லை. பழைய ஐபோனை வைத்துக்கொண்டு "குரோமில் திறந்தேன், கேமரா வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், அவரை நம்புங்கள்.

இப்போது அந்த "யாரோ", பிரவுசர் செய்பவர்கள். ரியாக்ட், வியூ, ஆங்குலர் என்ற ஃப்ரேம்வொர்க்குகளில் எதை எடுத்தாலும் அவை தோற்றத்தைப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கேமராவை எடுப்பது கெட்யூசர்மீடியா என்ற பிரவுசர் கட்டளை. மேசைக் கணினிச் செயலிகளுக்கான எலக்ட்ரான் என்றால் குரோமின் உட்பகுதியையே செயலியோடு கட்டி அனுப்புகிறது, அதனால் மேசைக் கணினிகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும், கோப்பு மட்டும் பெரிதாக இருக்கும். போன் செயலிகள் செய்ய உதவும் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் இரண்டிலும் கேமரா என்பது தனியாகச் சேர்க்கும் ஒரு துணைப்பொதி. அதற்குள் ஆண்ட்ராய்டுக்கு ஒரு நிரல், ஐபோனுக்கு ஒரு நிரல் என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறார்கள். ஃப்ரேம்வொர்க் ஆறு தளங்களில் ஓடும் என்று போட்டிருக்கலாம். உங்களுக்கு வேண்டியது அந்தத் துணைப்பொதி எத்தனை தளத்தில் ஓடும், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பது. இரண்டும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

கேமராவைக் கேட்பது எப்படி

நம் மீன் பக்கத்துக்கு வருவோம். கெட்யூசர்மீடியாவிடம் "வீடியோ வேண்டும்" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலான போன்களில் முன்பக்கக் கேமராதான் திறக்கும். மீனுக்குப் பதில் வியாபாரியின் முகம் தெரியும். பின்பக்கக் கேமரா வேண்டும் என்று சொல்ல ஃபேசிங்மோட் என்ற நிபந்தனை இருக்கிறது. அதில் "என்விரான்மென்ட்" என்று கொடுத்தால் வெளியே பார்க்கும் கேமரா, "யூசர்" என்றால் ஆளைப் பார்க்கும் கேமரா.

இங்கே ஒரு நுணுக்கம். நிபந்தனையை "எக்ஸாக்ட்" என்று கண்டிப்பாகவும் சொல்லலாம், "ஐடியல்" என்று விருப்பமாகவும் சொல்லலாம். போனில் மட்டும் சோதித்துவிட்டு, பின்பக்கக் கேமராவை எக்ஸாக்ட் என்று எழுதிவிட்டால், கடையில் இருக்கும் விண்டோஸ் கணினியில் பக்கம் கை விரித்துவிடும். அங்கே இருக்கும் வெப்கேமுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற கணக்கே கிடையாது. நிபந்தனைக்கு ஏற்ற கேமரா இல்லை என்று ஓவர்கன்ஸ்ட்ரெயின்ட் பிழையைக் கொடுத்துவிட்டு நிற்கும். ஐடியல் என்று எழுதினால், கிடைக்கும் கேமராவைத் திறந்து தரும். படத்தின் அளவுக்கும் இப்படித்தான். நான் எப்போதும் ஐடியல் என்றே எழுதச் சொல்வேன். கேட்டது கிடைத்ததா என்பதைத் திறந்த பிறகு கெட்செட்டிங்ஸ் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது அனுமதி. விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் தருவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு படகுக்குக் கொடுத்த டோக்கனில் இன்னொரு படகு போக முடியாது. பிரவுசரின் கேமரா அனுமதியும் இணையதள முகவரிக்குத்தான், அந்த ஒரு முகவரிக்கு மட்டும். முகவரியில் ஒரு துணைப்பெயர் மாறினாலும் திரும்பக் கேட்கும். குரோம் ஒரு தடவை கொடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளும், சஃபாரி அடிக்கடி திரும்பக் கேட்கும். ஆகவே "முதல் நாள் கேட்டது, இனிக் கேட்காது" என்று நினைத்து எழுதக் கூடாது.

அந்த முகவரி எச்.டி.டி.பி.எஸ் என்று தொடங்குவதாகவும் இருக்க வேண்டும். 2015 கடைசியில் வந்த குரோம் 47 முதல், பூட்டு இல்லாத எச்.டி.டி.பி பக்கங்களுக்குக் கேமரா கிடையாது, மற்ற பிரவுசர்களும் அப்படியே வந்துவிட்டன. லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது அந்தக் கணினி தன்னையே குறிக்கும் முகவரியில், சோதிக்கும்போது மட்டும் விதிவிலக்கு. புதிதாக எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். லேப்டாப்பில் கேமரா அருமையாக வரும். அதே பக்கத்தை வைஃபை வழியாக 192.168 என்று தொடங்கும் முகவரியில் போனில் திறந்தால் அனுமதிகூடக் கேட்காது. அந்தக் கட்டளையே அங்கே இருக்காது. போனில் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடுவார்கள். எச்.டி.டி.பி.எஸ்-க்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. சின்னதாக ஒரு சர்வரில் ஏற்றி, எச்.டி.டி.பி.எஸ் முகவரியிலேயே சோதியுங்கள்.

இன்னொன்று, இணைப்பை எதற்குள் திறக்கிறார்கள் என்பது. சில சமூக ஊடகச் செயலிகள் இணைப்பைத் தங்களுக்குள்ளேயே ஒரு சின்னப் பிரவுசரில் திறக்கும். அந்தச் செயலி கேமராவை உள்ளே விடாவிட்டால் உங்கள் பக்கத்தால் ஒன்றும் செய்ய முடியாது. "குரோமில் திறக்கவும்" என்று ஒரு வரி தமிழில் காட்டுவதுதான் வழி.

பிழைகளையும் தமிழில் பிரித்துச் சொல்லுங்கள். நாட்அலவுட் என்றால் ஆள் அனுமதி மறுத்திருக்கிறார், அல்லது இயங்குதளத்திலேயே பிரவுசருக்குக் கேமரா மூடியிருக்கிறது. நாட்ஃபவுண்ட் என்றால் கேமராவே இல்லை, கம்பி கழன்றிருக்கலாம். நாட்ரீடபிள் என்றால் பெரும்பாலும் வேறு மென்பொருள் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் இது அடிக்கடி நடக்கும், மேக்கில் பல மென்பொருள்கள் ஒரே கேமராவைப் பகிர்ந்துகொள்ளும். மூன்றுக்கும் சேர்த்து "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று காட்டினால், கரையில் நிற்பவர் என்னதான் செய்வார்?

ஐபோனில் படம் வந்தும் திரையில் தெரியாமல் இருக்கலாம். வீடியோ பெட்டிக்குப் பிளேஸ்இன்லைன் என்றும் ம்யூட்டட் என்றும் குறிப்புக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும், அல்லது முதல் படத்திலேயே நிற்கும். வியாபாரி நடுவில் வேறு செயலிக்குப் போனாலும் ஐபோன் கேமராவை நிறுத்திவிடும். அவர் திரும்பி வந்ததும் வீடியோ ஓடுகிறதா என்று பக்கமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் கரைக்கே உரிய ஒன்று, விடியற்காலை. சரக்கு இறங்குவது பாதி இருட்டில். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியை வாங்கும், அதனால் நொடிக்கு 30 என்று கேட்டது 15 ஆகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். மீன் இழுபட்டுத் தெரியும். நிரலில் தேடவேண்டிய கோளாறு இல்லை இது, ஒரு நல்ல விளக்குப் போட்டால் சரியாகிவிடும். உப்புக்காற்றில் லென்ஸ் மேல் மூட்டம் போல் படிவதும் அப்படித்தான். துணியால் துடைத்துவிட்டுக் காட்டச் சொல்லி பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவைக்கலாம்.

அனுப்புவது தனிப் பாடு

கேமரா திறந்ததோடு முடியவில்லை. படத்தைச் சுருக்கும் முறையைக் கோடெக் என்கிறோம். எதைக் கட்டாயமாக்குவது என்று பிரவுசர் நிறுவனங்களுக்குள் நெடுநாள் இழுபறி. ஒரு பக்கம் விபி8, இன்னொரு பக்கம் எச்.264. கடைசியில் 2014-இல் பிரவுசர்கள் இரண்டையும் வைத்திருக்க வேண்டும் என்று சமரசம் ஆனது. அதனால் நேரடி வீடியோவில் இன்று இந்தச் சண்டை உங்களுக்குத் தெரியாது. பதிவு செய்து வைக்கப் போனால் தெரியும். குரோம் நெடுநாள் வெப்எம் கோப்பாகவே பதிவு செய்தது, சஃபாரி எம்பி4 ஆகப் பதிவு செய்யும். பதிவு செய்யும் பிரவுசர் வசதியான மீடியாரெக்கார்டரிடம் இஸ்டைப்சப்போர்ட்டட் என்று முதலில் கேட்டுவிட்டு, கிடைப்பதை எடுங்கள்.

இரண்டு கருவிகள் நேராகப் பேசிக்கொள்வதுதான் வெப்ஆர்டிசியின் பெருமை. ஆனால் போன் நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. பாம்பன் போனுக்கு மதுரை போனின் உண்மையான முகவரி தெரியாது. ஸ்டன் என்ற சர்வர் வெளி முகவரியைச் சொல்லித் தரும். அதுவும் பலிக்காவிட்டால் டர்ன் சர்வர் வழியாகப் படத்தைக் கடத்த வேண்டும். அதற்கு மாதாமாதம் காசு ஆகும். டர்ன் இல்லாமல் வீட்டு வைஃபையில் சோதித்துவிட்டு, தயார் என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு வேறு சிம் கார்டில், வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

கீழக்கரைப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் தெரிந்ததுதான். உம்மா இங்கிருந்து துபாய்க்குக் கூப்பிட, எந்தச் செயலி போகும், எது போகாது என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இணைய வழிக் கால்களுக்கு உரிமம் பெற்ற செயலிகளுக்குத்தான் இடம். கேமரா சரி, பிரவுசர் சரி, நிரலும் சரி, ஆனாலும் படம் போகாது. ஃப்ரேம்வொர்க்கின் அட்டவணையில் இந்தத் தடை இருக்காது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன். மதுரையில் வாங்குபவருக்கு ஓடும் வீடியோதான் வேண்டுமா? செவுளின் நிறத்தைப் பார்க்க ஒரு தெளிவான போட்டோ போதும் என்றால், என் யோசனை போட்டோ. எச்.டி.எம்.எல்-இல் கோப்பு கேட்கும் சாதாரண இன்புட் பெட்டிக்கு, படம் மட்டும் ஏற்கும் என்ற குறிப்பும் கேப்சர் என்ற குறிப்பும் கொடுத்தால், போனில் அதைத் தொட்டவுடன் போனின் சொந்தக் கேமராச் செயலியே திறக்கும். பக்கத்துக்கென்று தனிக் கேமரா அனுமதி தேவையில்லை, ஃபேசிங்மோட் தகராறு இல்லை, பிளேஸ்இன்லைன் இல்லை, டர்ன் செலவு இல்லை. பழைய ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வேலை செய்யும். இருட்டில் போனின் கேமராச் செயலி எடுக்கும் படம், பக்கத்துக்குள் வரும் வீடியோவைவிடத் தெளிவாகவும் இருக்கும். கணினியில் கேப்சர் குறிப்பைப் பிரவுசர் கண்டுகொள்ளாது, கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தை மட்டும் திறக்கும். அதனால் கடைக் கணினியில் வெப்கேம் படம் வேண்டும் என்றால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கெட்யூசர்மீடியாவை வைத்து, போன்களுக்கெல்லாம் இந்தப் பெட்டியையே கொடுத்துவிடலாம்.